குழந்தைகள் நல நர்ஸ் பிராக்டிஷனர் ஆவது எப்படி? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

டெக்சாஸில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ் பிராக்டிஷனராக இருக்கிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் நம் ஊர் நர்ஸுகள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, சென்னையில் எம்.எஸ்சி. குழந்தைகள் நல நர்சிங் முடித்திருக்கிறேன். என்கிளெக்ஸ் தேறினால் நேராக நர்ஸ் பிராக்டிஷனர் ஆகிவிடலாமா?

முடியாதும்மா. என்கிளெக்ஸ் என்பது அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கான தேர்வு. அதில் தேறினால் கிடைப்பது ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற நர்ஸ் உரிமம் மட்டும்தான். நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் குழந்தையைப் பரிசோதித்து, என்ன நோய் என்று முடிவுசெய்து, மருந்தும் எழுதுபவர். அதற்கு அங்கீகாரம் பெற்ற ஓர் அமெரிக்கக் கல்லூரியில் எம்.எஸ்.என். (நர்சிங் முதுகலை) அல்லது டி.என்.பி. (நர்சிங் முனைவர் பட்டம்) படிக்க வேண்டும். 2022-இல் வந்த தேசியத் தரநிலைப்படி, நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி மட்டுமே குறைந்தது 750 மணி நேரம். அதன்பின் சான்றிதழ்த் தேர்வு, அப்புறம் மாநில உரிமம். உங்கள் எம்.எஸ்சி. பாடங்களில் எதற்காவது விலக்கு தருவார்களா என்று ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்டுப் பாருங்கள்.

நான் இங்கே என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) ஆர்.என். அதே வார்டிலேயே நர்ஸ் பிராக்டிஷனராகத் தொடர ஆசை. குழந்தைகள் நலப் படிப்பில் சேரலாமா, சிஸ்டர்?

சேராதீர்கள். இந்த ஒன்றைத் தெரியாமல் படித்து முடித்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பச்சிளங்குழந்தைகளுக்கான நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு தனி, சான்றிதழும் தனி. மிகவும் முடியாத குழந்தைகளைப் பார்க்கும் மூன்றாம் அல்லது நான்காம் நிலை என்.ஐ.சி.யூ.வில் இரண்டு வருட அனுபவம் அதற்கு வேண்டும். உங்களுக்கு அது ஏற்கெனவே இருக்கலாம்.

குழந்தைகள் நலத்துக்குள்ளும் இரண்டு பிரிவு உண்டு. தடுப்பூசி, வளர்ச்சி, காய்ச்சல், ஆஸ்துமா என்று தொடர்ந்து கவனிப்பது பிரைமரி கேர். நிலைமை மோசமாகி, ஐ.சி.யூ. வரை போகும் குழந்தைகளைப் பார்ப்பது அக்யூட் கேர். ஒன்றுக்குச் சான்று வாங்கிவிட்டு மற்றதைச் செய்ய முடியாது. அதனால் எந்தக் கல்லூரி என்று தேடும் முன், எந்தக் குழந்தையின் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள். நான் மாணவிகளுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் படித்தால் எல்லா வயதினரையும் பார்க்கலாமே. அதுதானே புத்திசாலித்தனம்?

சின்ன ஊரில் இருக்கப் போகிறீர்கள், வேலை சீக்கிரம் கிடைக்க வேண்டும் என்றால் சரி. ஆனால் அந்தப் படிப்பில் குழந்தைகளுக்கு ஒதுக்கும் நேரம் ஒரு பகுதிதான். குழந்தைகள்தான் வேண்டும் என்று மனசு சொன்னால் நேராக இதற்கே வாருங்கள்.

என் மாமியார் கேட்கிறார்: டாக்டர் இல்லாத ஒருவர் குழந்தைக்கு மருந்து எழுதலாமா?

நியாயமான கேள்வி. இந்தத் துறையே குழந்தைகளுக்காகப் பிறந்தது என்று சொல்லுங்கள். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்துதான் முதல் படிப்பைத் தொடங்கினார்கள்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஊரிலிருந்து பாராசிட்டமால் சிரப் கொண்டுவரும் அம்மாக்கள் உண்டு. இங்கே கடையில் கிடைப்பதில் 5 மில்லியில் 160 மில்லிகிராம் இருக்கும். ஊர் பாட்டிலில் அதே 5 மில்லியில் 250 இருக்கலாம். 12 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம், ஒரு வேளைக்கு 180 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இங்கே சொன்ன அளவை அந்த பாட்டிலிலிருந்து ஊற்றினால் மருந்து கூடிவிடும். அதனால் பாட்டிலை வாங்கி லேபிளைப் படிப்பேன், எடை போடுவேன், எத்தனை மில்லி என்று சிரிஞ்சிலேயே கோடு போட்டுக் கொடுப்பேன். அந்தக் கணக்கு கையோடு வர வேண்டும். அதற்காகத்தான் முதலில் குழந்தைகள் வார்டில் ஒன்றிரண்டு வருடமாவது ஆர்.என். ஆக இருங்கள் என்கிறேன்.

எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கிறேன். படிக்கலாமா?

படிக்கலாம். வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும். ஆனால் சேர்வதற்கே ஆர்.என். உரிமம் வேண்டும், சில மாநிலங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் அதைத் தராது. முதலில் உங்கள் மாநில நர்சிங் போர்டில் கேளுங்கள்.

ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமா தான் படித்திருக்கிறேன், மேடம்.

வழி இருக்கிறது, கொஞ்சம் நீளம். ஆர்.என். ஆனபின் வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) முடிக்கலாம். படிப்புச் செலவில் பங்கு தரும் மருத்துவமனைகள் உண்டு. வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள்.

டெக்சாஸில் சொந்தமாக கிளினிக் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் மருந்து எழுத ஒரு டாக்டருடன் ஒப்பந்தம் வேண்டும். நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆன்லைன் படிப்பு நல்லதா?

பாடம் ஆன்லைனில் இருக்கலாம், பயிற்சி அப்படி இருக்காது. உங்களுக்குக் கற்றுத் தரும் ப்ரிசெப்டரைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, நீங்களே தேட வேண்டுமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குழந்தைகள் கிளினிக்கில் இடம் கிடைப்பது எளிதல்ல. "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.