ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள ஃபிரவுன்கிர்ஷே தேவாலயம் 1945இல் குண்டு விழுந்த இரவே இடியாமல், இரண்டு நாள் கழித்து இடிந்தது ஏன்?

காரணம் தீ. பிப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் நகரின் மையப்பகுதி முழுக்க எரிந்தது. தேவாலயத்துக்குள் இருந்த மரவேலைகளும் பற்றிக்கொண்டன. பல ஆயிரம் டன் எடையுள்ள கல் குவிமாடத்தைத் தாங்கியவை எட்டு மணற்கல் தூண்கள். அவை சூட்டில் வெந்து வலுவிழந்து, 15ஆம் தேதி காலை சரிந்தன.

குவிமாடத்தையும் கல்லிலேயே கட்டவேண்டும் என்று நின்றவர், தேவாலயத்தை வடிவமைத்த கியோர்க் பேர் (Bähr). தொழிலில் அவர் தச்சர் என்பதுதான் வேடிக்கை! 1726இல் வேலையைத் தொடங்கி, 1743இல் முடிவதற்குள் இறந்துபோனார். 1760இல் பிரஷ்யப் படை பீரங்கியால் சுட்டபோதும் குவிமாடம் அசையவில்லை.

தேவாலயத்தின் வடிவத்துக்குப் பின்னால் அரசியலும் உண்டு. போலந்தின் அரியணைக்காக, டிரெஸ்டனை ஆண்ட அகஸ்டஸ் கத்தோலிக்கராக மாறிவிட்டார். நகர மக்களோ லுத்தரன்களாகவே (புராட்டஸ்டன்ட் பிரிவினர்) இருந்தார்கள். அவர்களுடைய வழிபாட்டில் பிரசங்கம் முக்கியம். அதனால்தான் நீண்ட கூடத்துக்குப் பதிலாக, எல்லோரும் போதகரைச் சுற்றி அமரும்படி வட்டமான உள்ளரங்கும் அடுக்கு மாடங்களும் அமைத்தார்கள். 1736இல் ஆர்கன் இசைக்கருவி செய்பவரான சில்பர்மன் செய்த ஆர்கனை அதே ஆண்டு இசையமைப்பாளர் பாக் இங்கே வாசித்தார்.

கிழக்கு ஜெர்மனி அரசு இடிபாட்டைப் போர் நினைவுச்சின்னமாக விட்டுவைத்தது. மறுகட்டுமானம் 1994இல் தொடங்கி 2005இல் முடிந்தது. சுவரில் கறுப்பாகத் தெரிபவை பெரும்பாலும் பழைய கற்கள்.