மறு: டேனிஷ் என்று சொல்லி விற்ற தேக்கு சைடுபோர்டு

டேனிஷ் என்று வாங்கிய சைடுபோர்டின், அதாவது நீளமான தாழ்ந்த அலமாரியின், இழுப்பறையில் 'இ. கோம்' முத்திரை இருக்கிறது, மேல்பலகையில் வெள்ளை வளையம், உப்புத்தாள் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். மேலே தெரியும் தேக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, அடியில் வேறு பலகை. நான் இதே ஆர்வக்கோளாறில் ஒரு மேசையைத் தேய்த்து, மூலையில் வெளிறிய அடிப்பலகை எட்டிப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். அந்தப் பக்கம் இப்போது சுவரைப் பார்த்து நிற்கிறது.

வெள்ளை வளையம் என்றால் ஈரம் பெரும்பாலும் மேல்பூச்சோடு நின்றுவிட்டது. சில நாள் காயவிட்டு, மிக மெல்லிய எஃகுக் கம்பளியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு, மரத்தின் ரேகை போகும் திசையிலேயே லேசாகத் தேயுங்கள். முதலில் பின்விளிம்பில் சோதித்துக்கொள்ளுங்கள். கறுத்த வளையம் என்றால் கதை வேறு, ஈரம் மரத்துக்குள்ளேயே போய்விட்டது.

அப்புறம் முத்திரை. கோம், இங்கிலாந்தின் ஹை விக்கம் ஊரைச் சேர்ந்த மரச்சாமான் தயாரிப்பாளர்கள். 1953-இல் தங்கள் சாமான்களுக்கு ஜி பிளான் என்ற வணிகப் பெயரைக் கொண்டுவந்தவர்கள். டேனிஷ் மோகம் ஏறியதும் 1960களின் தொடக்கத்தில் இப் கோஃபோட்-லார்சன் என்ற டேனிஷ் வடிவமைப்பாளரையே அழைத்து ஒரு வரிசை செய்தார்கள். கோம் முத்திரையோடு அவர் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். இல்லை, கைப்பிடி மட்டும் வளைவாகச் செதுக்கியது என்றால், கோமின் இன்னொரு வடிவமைப்பாளரான விக்டர் வில்கின்ஸின் ஃப்ரெஸ்கோ வரிசையாக இருக்கலாம். எதுவானாலும் செய்தது இங்கிலாந்தில்தான். டேனிஷ் விலை கொடுத்திருந்தால் விற்றவரிடம் தாராளமாகப் பேசுங்கள்.