தட்டை நிலத்தை மீண்டும் மீண்டும் அளப்பது ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், ஒரு வறண்ட ஏரிப் படுகையை ஒட்டி இருப்பதாகப் படித்தேன். மேடு பள்ளமே இல்லாத இடத்தை ஒருமுறை அளந்து வரைபடம் போட்டுவிட்டால் போதாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. ராஜர்ஸ் என்னும் அந்தப் படுகையின் பரப்பு சுமார் 44 சதுர மைல். அதன் களிமண் பரப்பிலேயே கோடு கிழித்து ஓடுபாதைகளைக் குறித்திருக்கிறார்கள். மிக நீளமானது ஏறக்குறைய 12 கிலோமீட்டர். 1981 ஏப்ரல் 14 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் தன் முதல் பயணத்தை முடித்து இறங்கியது இந்தப் படுகையில்தான்.

நிலத்தோற்ற வரைபடத்தில், சுற்றியுள்ள குன்றுகளின்மேல் சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நெருக்கமாக ஓடும். படுகைக்குள் ஏறத்தாழ வெற்றிடமாக இருக்கும். கோட்டுக்குக் கோடு 10 அடி உயர வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், நிலம் 3 அடி இறங்கினாலும் வரைபடத்தில் அது தெரியாமலே போகக்கூடும். இறங்கியும் இருக்கிறது. தளத்தின் கிணறுகளும் தளம் அமைந்துள்ள அன்டிலோப் பள்ளத்தாக்கின் பாசனக் கிணறுகளும் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை இறைத்ததால், நீர் தாங்கி நின்ற களிமண் அடுக்குகள் அழுந்திச் சுருங்கிவிட்டன. பெரும்பாலும் இச்சுருக்கம் நிரந்தரமானது. பின்னர் மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்தாலும் நிலம் பழைய உயரத்துக்கு வராது. படுகையின் தென்விளிம்பு ஏறக்குறைய 1 மீட்டரும், அருகிலுள்ள லங்காஸ்டர் நகரில் சில இடங்கள் 6 அடிக்கு மேலும் தாழ்ந்தன. 1991 ஜனவரியில் படுகையின் தென்பகுதியில் நீண்ட பிளவு கண்டறியப்பட்டு, ஓடுபாதை ஒன்றை மூட வேண்டியதாயிற்று. அதிவேகத்தில் இறங்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அப்படியொரு பிளவு எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் அளவையாளருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உயரத்தை ஒப்பிட்டுப் பார்க்க நட்டுவைத்த பெஞ்ச் மார்க்குகளும் நிலத்தோடு சேர்ந்து இறங்கிவிடுகின்றன. எனவே நகராத பாறை உள்ள குன்றுகளை ஆதாரமாகக் கொண்டு, தளத்தின் வேலிக்கு வெளியேயும் அளக்க வேண்டியிருக்கிறது. நிலத்தில் ஜி.பி.எஸ். கருவிகளை நிறுத்தி அளந்ததோடு, 1990களில் செயற்கைக்கோள் ரேடார் படங்களையும் பயன்படுத்தத் தொடங்கினார்கள். வெவ்வேறு காலத்தில் எடுத்த இரு படங்களின் அலை வேறுபாட்டைக் கணக்கிட்டால், பள்ளத்தாக்கு முழுவதிலும் எந்த இடம் எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்தது என்பது தெரிந்துவிடும். செடிகொடி குறைந்த பாலைநிலம் இந்த முறைக்கு மிகவும் ஏற்றது.