வயிற்று ஸ்கேனில் நெறி என்று எழுதியிருந்தால்

நாகர்கோவிலில் தினமும் ஸ்கேன் படங்கள் பார்க்கிற டாக்டர் நான். வயிற்றுக்குள் நெறி, அதாவது நிணநீர்க் கணு, இருப்பதாக ரிப்போர்ட் வந்து பயந்துபோய்க் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

மகளுக்கு 7 வயது. காய்ச்சல் விட்டு வயிற்றுவலி. ஸ்கேனில் குடலை ஒட்டி 14 x 6 மி.மீ. நெறி என்கிறார்கள். கேன்சராக இருக்குமா டாக்டர்? (மார்த்தாண்டம்)

14-ஐப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள் அம்மா, நாங்கள் பார்ப்பது 6-ஐ. நெறிக்கு நீளத்தைவிடக் குறுக்களவுதான் கணக்கு, பிள்ளைகளுக்குக் குடல் ஓரத்தில் 8 மி.மீ. வரை சாதாரணமாகவே இருக்கும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோனாலே கொஞ்சம் பருக்கும், அதிலேயே வலியும் வரும், பெரும்பாலும் சில வாரத்தில் தானாக அடங்கிவிடும். திரையில் அது அவரை விதைபோல நீண்டு, நடுவில் வெள்ளையாகக் கொழுப்புத் தெரிந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் அப்பெண்டிக்ஸ் பற்றி ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'தெரியவில்லை' என்றிருந்து, வலது அடிவயிற்று வலி ஏறிக்கொண்டே போனால் அன்றைக்கே சர்ஜனிடம் காட்டுங்கள்.

அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், வயது 52. இரண்டு மாதமாகச் சாயங்காலக் காய்ச்சல், 7 கிலோ குறைந்துவிட்டார். சி.டி.யில் 'நெக்ரோட்டிக்' நெறி என்று போட்டிருக்கிறது. (குலசேகரம்)

நெறியின் நடுப்பகுதி செத்துக் கூழாகியிருக்கிறது என்று அர்த்தம். மருந்து ஏற்றி எடுத்த படத்தில் நடுவே கறுப்பு, சுற்றி வெள்ளை வளையம். நம் நாட்டில் இதைப் பார்த்ததும் முதலில் நினைவுக்கு வருவது டி.பி., அது நெஞ்சில் மட்டும் வருகிற நோய் இல்லை. ஆனால் வேறு இடத்துப் புற்றுநோய் பரவினாலும், லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் சிலவற்றிலும் இப்படித் தெரியலாம். அதனால் படத்தை மட்டும் நம்பி மாத்திரை தொடங்காதீர்கள், ஊசி வைத்துத் திசு எடுக்கட்டும். எடுக்கிறவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் டி.பி. கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, செய்ய முடியாது, ஒரு துண்டு சலைனில் தனியாகப் போக வேண்டும். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கே கூட்டிப்போகலாம், அரசு மருத்துவமனையில் டி.பி. மருந்து இலவசம். தள்ளிப்போடாதீர்கள் தம்பி.

எனக்கு 26 வயது. முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தால் வயிற்றில் மகாதமனி என்கிற பெரிய ரத்தக்குழாய் ஓரத்தில் நெறியாம். விதையை ஏன் ஸ்கேன் பண்ணச் சொல்கிறார்கள்? (குளச்சல்)

விதைகள் கருவில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகிக் கீழே இறங்குகின்றன, நிணநீர் இன்றும் அந்தப் பழைய வழியில்தான் மேலே போகிறது. அதனால் விதையில் கட்டி இருந்தால் நெறி தொடை இடுக்கில் வராமல் வயிற்றுக்குள் வரும். வெட்கப்படாமல் நாளைக்கே போ தம்பி. அப்படியே இருந்தாலும், பரவிய பிறகும்கூடப் பெரும்பாலும் குணமாகிற புற்றுநோய் அது.

மாமியாருக்கு 'கால்சிஃபைடு' நெறி. (தோவாளை)

நெறியில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் எப்போதோ வந்து ஆறிய தொற்றின் தழும்பு. வேறு தொந்தரவு இல்லையென்றால் விட்டுவிடுங்கள் அக்கா.

10 மி.மீ.க்குக் கீழே என்றால் கவலை வேண்டாம்தானே? (தக்கலை)

பெரியவர்களுக்குப் பொதுவாக அதுதான் அளவு, ஆனால் இடத்துக்கு இடம் மாறும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்துக்குப் பின்னால் 6 மி.மீ. தாண்டினாலே கவனிப்போம். ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவருக்குச் சின்ன நெறியிலும் நோய் இருக்கலாம். போன தடவை 5 ஆக இருந்தது இப்போது 9 என்றால் எனக்கு அதுதான் பெரிய செய்தி, அதனால் அடுத்த ஸ்கேனுக்கு ரிப்போர்ட் தாளோடு பழைய படத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.