ஒரு குளிசை என்ன விலை என்று கேட்காதீர்கள்

கேள்வி: ஐயா, என் கணவருக்கு 46 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் மலத்தோடு இரத்தமும் சீதமும் போனது. பெரியாஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவர் அழன்று புண்ணாகும் நோய்), ஆனால் லேசானதுதான் என்றார்கள். அதற்கு மெசலசின் என்ற மருந்து, 400 மில்லிகிராம் குளிசை காலையில் மூன்று, இரவில் மூன்று. கிளினிக்கில் சில மாதம் கிடைக்கும், சில மாதம் வெளியே வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். போன மாதம் பாமசியில் வேறு பெயரில் 800 மில்லிகிராம் குளிசை தந்தார்கள். ஒரு குளிசையின் விலை முந்தியதை விடக் கூட. ஏமாற்றுகிறார்களோ என்று யோசனை. இவரோ, “ஒரு வருஷமா ஒண்டுமில்லை, நிப்பாட்டுவம்” என்று நிற்கிறார்.
— கொக்குவில் வாசகி

பதில்: முதலில் விலை. உங்கள் கணவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 2400 மில்லிகிராம். 400 குளிசை என்றால் ஆறு, 800 என்றால் மூன்று, 1200 என்றால் இரண்டு. முப்பது நாளைக்கு முறையே 180, 90, 60 குளிசை. ஆகவே பாமசியில் “ஒரு குளிசை என்ன விலை?” என்று கேட்பதில் பயனில்லை. குளிசை விலையை ஒரு நாளைக்கான எண்ணிக்கையால் பெருக்கி, ஒரு நாள் மருந்துக்கு என்ன முடிகிறது என்று பாருங்கள். 800 குளிசையின் விலை 400இன் விலையைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் உங்களுக்கு நட்டமில்லை. பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் ஐந்து நிமிஷத்தில் விடை வந்துவிடும்.

பில் இல்லையா? அதுதான் நம்மவர்களின் வியாதி. கேட்டால் பில் தரவேண்டியது கடைக்காரரின் கடமை. பெட்டியில் அடித்திருக்கும் அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கியிருந்தால், பில்லோடு நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறையிடலாம். அட்டையில் பாதியை வெட்டித் தரும்போது விலையும் காலாவதித் திகதியும் அடித்த பக்கம் கடையிலேயே நின்றுவிடும். பெட்டியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அரசாங்க மருந்துக் கடையான ஒசுசலவிலும் ஒருக்கால் விசாரியுங்கள்.

அடுத்தது பெயர் மாற்றம். பரசிற்றமோல் எந்தப் பெயரில் வந்தாலும் பெரிய வித்தியாசமில்லை. மெசலசின் கொஞ்சம் வேறு. இந்த மருந்து இரத்தத்தில் கலந்து வேலை செய்வதை விட, பெருங்குடலின் உட்சுவரில் நேரே பட்டுத்தான் வேலை செய்கிறது. வெறும் மருந்தாக விழுங்கினால் சிறுகுடலே பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அதனால் சில கம்பனிகள், சிறுகுடலின் கடைசியில் அமிலத்தன்மை குறையும்போது கரைகிற மேல் ஓடு ஒன்றைக் குளிசைக்குப் போடுகின்றன. வேறு சில, மருந்தைச் சிறு மணிகளாக்கிக் குடல் நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. ஒன்று மற்றதை விடச் சிறந்தது என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஒருவருக்கு ஒன்று ஒத்துப்போனால் அதையே தொடர்வது நல்லது. மாற்ற வேண்டி வந்தால் திகதியைக் கிளினிக் கொப்பியில் குறித்து, அடுத்த சில வாரம் மலத்தைக் கவனியுங்கள்.

இந்தக் குளிசையை உடைக்கவோ இடிக்கவோ கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், தொண்டையில் இறங்கவில்லை என்று ஒரு மாதமாகக் குளிசையைச் சின்ன உரலில் இடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிட்டார். அவ்வளவு காசும் சிறுகுடலோடு முடிந்தது, இரத்தம் திரும்பிவிட்டது. விழுங்கக் கஷ்டம் என்றால் மணி வடிவில் வருவதைக் கேட்கலாம். மலத்தில் எப்போதாவது வெறும் ஓடு வந்தால் பயமில்லை. குளிசை கரையாமல் முழுசாகவே அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சரி, நிப்பாட்டுவதற்கு வருவோம். ஒரு வருஷமாக ஒன்றுமில்லாமல் இருப்பது குளிசையால்தான். நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. மெசலசினை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து, ஒழுங்காக எடுப்பவர்களை விட ஐந்து மடங்குக்கு மேல் என்று ஒரு அமெரிக்க ஆய்வு 2003இல் காட்டியது. திரும்பினால் பிறெட்னிசலோன் என்ற ஸ்டெரோயிட் மருந்து தொடங்க நேரலாம். அது தீயை அணைக்கிற மருந்து, தினம் எடுத்துக் காவல் வைக்கிற மருந்தல்ல. முகம் வீங்கும், சீனி கூடும், எலும்பு தேயும். அந்தச் செலவை யோசித்தால் மெசலசின் மலிவு.

அவருக்கு உண்மையில் அலுப்பு எதிலே என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு நேரம் ஆறு குளிசை என்பதுதான் அலுப்பென்றால் அதற்கு வழி உண்டு. நோய் அடங்கியிருக்கும்போது ஒரு நாளைக்கான மருந்தை ஒரே நேரத்தில் எடுத்தாலும் பலன் குறைவதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு ஒருவேளைச் சாப்பாட்டோடு விரதம் இருப்பவர்களுக்கும் அது வசதி. அளவைக் குறைக்கலாமா என்பதையும் கிளினிக்கிலேயே கேளுங்கள், வீட்டிலே தீர்மானிக்காதீர்கள்.

குளிசை முடிகிற அன்று பாமசிக்கு ஓடுவதை விடுங்கள். இரண்டு கிழமைக்கான மருந்து எப்போதும் கையில் மிச்சம் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிறியற்றினின் பார்க்கும் இரத்தப் பரிசோதனையையும் விடாதீர்கள். அபூர்வமாகத்தான் என்றாலும், இந்த மருந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

கேள்வி: எனக்கு நோய் மலவாசலுக்குக் கிட்டே மட்டும்தான். இரவில் உள்ளே வைக்கும் மெசலசின் மருந்தை லண்டனிலிருந்து தங்கச்சி அனுப்புகிறா. இந்த முறை பெட்டியைத் திறந்தால் எல்லாம் கோணலாக இருக்கின்றன. பாவிக்கலாமா?
— சாவகச்சேரி வாசகர்

பதில்: உருகித் திரும்ப இறுகியிருக்கிறது. உருவம் போனதை ஒழுங்காக உள்ளே வைக்க முடியாது, காசை நினைத்துப் பாவிக்க வேண்டாம். பொதி வந்த வழியில் எத்தனை நாள் எந்த வெயிலில் கிடந்ததோ! ஆட்கள் வரும்போது கைப்பையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். எத்தனை பாகையில் வைக்க வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருக்கும். மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே வைத்துக்கொண்டு வீடு வராதீர்கள். தங்கச்சி அனுப்புகிறா என்பதற்காக இங்கே கிளினிக்கை விட்டுவிடவும் வேண்டாம். மலவாசலோடு நிற்கிற நோய்க்கு வாயால் எடுப்பதை விட உள்ளே வைக்கும் மருந்துதான் நன்றாக வேலை செய்யும். வெட்கப்பட்டுக் குளிசைக்கு மாறுகிறவர்கள் நம்மிடம் அதிகம்.

கேள்வி: மெசலசின் கட்டுப்படியாகவில்லை. சல்பசலசின் மலிவு என்கிறார்கள். மாறலாமா?
— பருத்தித்துறை வாசகர்

பதில்: மாறலாம், வைத்தியர் எழுதித் தந்தால். அது பழைய மருந்து. மெசலசினோடு ஒரு சல்பா மருந்தைப் பிணைத்தது, பெருங்குடலில் உள்ள பக்டீரியாக்கள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். பலனில் பெரிய குறையில்லை, தொல்லைகள்தான் கூட: தலையிடி, குமட்டல், தோலில் தடிப்பு. சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். சல்பா ஒவ்வாதவர்கள் தொடவே கூடாது. பிள்ளைக்கு முயல்கிற ஆண்கள் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும். விந்தணு எண்ணிக்கை குறையும், மருந்தை விட்டால் மீளும். தொடக்க மாதங்களில் இரத்தம் பலமுறை சோதிக்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள். போலிக் அமிலமும் கூடவே தருவார்கள்.

கேள்வி: இந்தக் குடல் நோய்க்கு மூலிகைச் சூரணம் என்று முகநூலில் விளம்பரம். ஆங்கில மருந்தை நிறுத்தினால்தான் வேலை செய்யுமாம்.
— மானிப்பாய் வாசகி

பதில்: அந்தக் கடைசி வசனம் ஒன்றே போதும், வாங்காதீர்கள். மஞ்சளில் உள்ள குர்க்குமினைச் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றிலும் அதை மெசலசினோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள். கறியில் போடுகிற மஞ்சள் அந்த அளவுக்குக் கிட்டவும் வராது. முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனக் வாங்கிப் போடுவதையும் இந்த நோய் உள்ளவர்கள் தவிர்க்கவேண்டும், அது நோயைக் கிளப்பக்கூடும். பரசிற்றமோல் எடுக்கலாம். இன்னொன்று: திரும்ப இரத்தம் போனால் எல்லாம் பழைய நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் கிருமியால் வரும் வயிற்றுளைவும் அப்படித்தான் தொடங்கும். முதலில் மலப் பரிசோதனை, மருந்தைக் கூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.