இருபத்துநாலு கதவும் ஒரே ராத்திரியில்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். என் மகள் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். ஆறு வயசுப் பேரன் எங்களோடு இருக்கிறான். அவனுக்கு ஒரு அட்டைப்பெட்டி அனுப்பியிருந்தாள். அதில் 24 சின்னக் கதவுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சாக்லேட். டிசம்பர் 1 முதல் தினம் ஒன்று திறக்க வேண்டுமாம். பயல் முதல் ராத்திரியே எல்லாவற்றையும் திறந்து தின்றுவிட்டான். தாத்தா அடித்துவிட்டார். இது வேதத்தில் உள்ள வழக்கமா?
– ஒரு வாசகி, பாறசாலை

பதில்: அக்கா, முதலில் பிள்ளையை மடியில் உட்கார வையுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் திருவருகைக் காலண்டர். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம்தான் திருவருகைக் காலம். வேதத்தில், அதாவது பைபிளில், இது இல்லை. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் வீடுகளில் தொடங்கிய வழக்கம். கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டு, தினம் ஒன்றாகப் பிள்ளைகள் அழிப்பார்கள். வேறு சில வீடுகளில் தினம் ஒரு வைக்கோலைத் தீவனத் தொட்டியில் வைப்பார்கள், குழந்தை இயேசு படுப்பதற்கு.

பொறுக்க முடியாத பிள்ளைகள் அன்றும் இருந்தார்கள். ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் விக்கெர்ன் என்ற போதகரிடம், கிறிஸ்துமஸ் வந்துவிட்டதா என்று அவர்கள் ஓயாமல் கேட்பார்களாம். 1839-ல் அவர் ஒரு பெரிய வளையத்தில் மெழுகுதிரிகளை நிறுத்தி, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். நம் கோயிலில் திருவருகைக் காலத்து ஞாயிறுகளில் ஏற்றும் நாலு மெழுகுதிரி அந்த வளையத்திலிருந்து வந்ததுதான்.

அச்சிட்ட காலண்டருக்குப் பெயர் பெற்றவர் கெர்ஹார்ட் லாங். அவர் சிறுவனாக இருந்தபோது அம்மா 24 சின்ன பிஸ்கட்டுகளை அட்டையில் தைத்துக் கொடுத்தாராம். அந்த நினைவில் 1900-களின் தொடக்கத்தில் மியூனிக்கில் ஒரு காலண்டரை அச்சிட்டார். அதில் கதவு கிடையாது. தினம் ஒரு படத்தை வெட்டி ஒட்ட வேண்டும். திறக்கும் கதவு 1920-களில் வந்தது. போரில் காகிதத் தட்டுப்பாட்டால் நின்றுபோனதை 1946-ல் மறுபடி அச்சிட்டவர் ரிச்சர்ட் செல்மர், உங்கள் மகள் இருக்கும் அதே ஸ்டுட்கார்ட்டில். சாக்லேட் பரவியது அதற்கும் பிறகு.

என் அம்மா காலண்டரைக் கண்டதில்லை. குழித்துறையில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பச்சை வேண்டும் என்று டிசம்பர் பாதியில் சிரட்டையில் மண் போட்டு, ஊறவைத்த நெல்லை விதைப்பார். எனக்கும் அப்போது ஆறு வயசு. முளைத்ததா என்று காலையில் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் தோண்டிப் பார்ப்பேன். நெல் அழுகிப்போயிற்று. அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்னொரு சிரட்டையைக் கையில் தந்து, "நீயே விதை, மக்களே" என்றார். அந்த நெல்லை நான் தொடவில்லை. கிறிஸ்துமஸ் பாதிராப் பூசைக்குப் போகும்போது விரல் உயரம் நின்றது. முப்பது வருஷம் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சிரட்டையும் நெல்லும் கொடுத்தேன்.

அந்தப் பெட்டியை எறிய வேண்டாம். உள்ளே சாக்லேட் இருந்த தட்டை உருவி, குழிகளில் நீங்களே நிரப்புங்கள். கடலைமிட்டாய்த் துண்டு ஒருநாள் இருக்கட்டும். மறுநாள் "அம்மச்சிக்கு வெற்றிலை இடித்துக் கொடு" என்று ஒரு சீட்டு. 13-இல் ஒரு பிடி விதைநெல். 24-இல் குடிலில் வைக்கும் குழந்தை இயேசு சொரூபம். குழியில் அடங்காவிட்டால் எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டு. தாத்தாவே பக்கத்தில் இருந்து கதவை ஒட்டிக்கொடுத்தால் ரொம்ப நல்லது.

கேள்வி: கோயிலில் திருவருகைக் காலம் ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்குகிறது. காலண்டர் மட்டும் ஏன் 1-ஆம் தேதி?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: அந்த ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே வருஷாவருஷம் மாறும். அச்சடிக்கிறவர்களுக்கு நிலையான தேதி வசதி. 24-இல் முடிவதற்குக் காரணம், ஜெர்மனியில் அன்று சாயங்காலமே பரிசு கொடுத்துவிடுவார்கள். நம் பக்கத்துச் சுரியானி (சிரியன் கிறிஸ்தவ) வீடுகளுக்கும் 1-ஆம் தேதிதான் கணக்கு. மீனும் இறைச்சியும் தொடாத இருபத்தஞ்சு நோம்பு அன்று தொடங்கும். எங்கள் பக்கத்து வீட்டில் அன்று காலை மீன்சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்துவிடுவார்கள். இறக்குவது பிறப்புப் பூசை முடிந்து வந்த பிறகுதான்.