தண்டவாளம் போன பிறகு

அன்புள்ள ஐயா,

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தபோது, பிட்ஸ்பர்கிலிருந்து கிளம்பும் பழைய ரயில் தடம் ஒன்றில் மாப்பிள்ளையோடு சைக்கிள் ஓட்டினேன். இந்த வயதிலும் மூச்சு வாங்கவில்லை. கடலூர்ப் பக்கம் இப்படி ஒன்று வராதா? ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற நண்பரோ, "ரயில் கேட்க வேண்டிய இடத்தில் நடைபாதை கேட்டால் ரயிலைத் தலைமுழுக வேண்டியதுதான்" என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் ஓட்டியது கிரேட் அலிகெனி பேசேஜாக இருக்க வேண்டும். கம்பர்லண்ட் என்ற ஊர் வரை 240 கிலோமீட்டர். ஒரு மலைத்தொடரையே தாண்டுகிறது. ஆனாலும் கம்பர்லண்டை நெருங்கும் பகுதி தவிர, நூறு அடிக்கு ஓரடி ஏற்றம்கூடக் கிடையாது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை எழுப்பி, தேவைப்பட்டால் மலையையே குடைந்து தடம் போட்டார்கள். ரயில் போனபின் அந்த உழைப்பின் பலன் நம் முழங்காலுக்குக் கிடைக்கிறது.

உங்கள் நண்பரின் பயம் நியாயமானது. ஆனால் நடந்தது வேறு. அமெரிக்காவில் லைன் மூடப்பட்டால், பல இடங்களில் நிலம் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்குத் திரும்பிவிடும். நடுவில் ஒரு வீடு வந்தாலும் போதும், அந்தத் தடத்தில் பிறகு ரயில் விட முடியாது. 1983-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: நடைபாதையாகப் பராமரிக்க யாராவது பொறுப்பேற்றால், லைன் கைவிடப்பட்டதாகவே கருதப்படாது, தேவைப்படும்போது மறுபடி ரயில் விடலாம். நில உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1990-இல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது; நஷ்டஈடு கேட்கும் வழியையும் அடைக்கவில்லை. ஆள் நடமாட்டம்தான் அங்கே ரயில் தடத்துக்குக் காவல்.

கடலூரில் அதற்குத் தோதான லைன் இல்லை. விழுப்புரம்–மயிலாடுதுறை மீட்டர்கேஜ் 2010-இல் அகலப்பாதையாகி, திருப்பாதிரிப்புலியூர் வழியாக வண்டிகள் ஓடுகின்றன. 1879-இல் தொடங்கிய புதுச்சேரி லைனும் உயிரோடு இருக்கிறது. (ஆசைப்பட்டு இவற்றின் ஓரமாக நடக்கக் கிளம்பிவிடாதீர்கள். அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். அதைவிட, உயிருக்கு ஆபத்து.)

என் மனம் போவது தெற்கே, மயிலாடுதுறை–தரங்கம்பாடி தடத்துக்கு. 1926-இல் வந்து 1986-இல் நின்றுபோன, சுமார் 30 கிலோமீட்டர் லைன். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று ஊர் ஊராகத் தொட்டுக் கடலில் போய் முடிந்தது. அந்த ரயில் திரும்ப வேண்டும் என்று மக்கள் இன்றும் கேட்கிறார்கள். நானும் அவர்கள் கட்சிதான். அதனால்தான் சொல்கிறேன்: ரயில் வரும்வரை, மிச்சமிருக்கும் துண்டுகளையாவது அளந்து கல் நட்டு, நடக்கவும் சைக்கிள் விடவும் திறக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பஸ், லாரிக்கு ஒதுங்காத ஒரு வழி கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: மதகுகள். டெல்டாவில் ரயில் கரை என்பது வயல்களுக்குக் குறுக்கே நிற்கும் மண் அணை. கரையின் அடியில் ஒரு மதகு தூர்ந்தால் ஐப்பசி மழையில் மேற்கே நிற்கும் நெல் அழுகும். பாதை போடுவதற்கு முன் மதகைத் தூர்வார வேண்டும். ஜல்லியை அள்ளி, பொடிக்கல் பரப்பி இறுக்கினாலே சைக்கிளுக்குப் போதும்; தார் கொதிக்கும், பொடிக்கல் அவ்வளவு சுடாது. இருபுறமும் மண்டும் சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டுப் புங்கன் வைக்கலாம். நிழல் இல்லாமல் நம் ஊர் வெயிலில் யாரும் நடக்க மாட்டார்கள்.

நண்பரையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் திருப்பாதிரிப்புலியூரில் வண்டி ஏறி மயிலாடுதுறையில் இறங்குங்கள். அங்கிருந்து தரங்கம்பாடி பஸ். தடம் எங்கே தெரிகிறது, எங்கே வீடு வந்துவிட்டது என்று ரயில்வேக்காரர் கண்ணுக்குத்தான் சட்டென்று பிடிபடும். பார்த்ததை எழுதி அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.